சுவரில் நீங்கள் நின்ற இடம்

அண்ணா, டண்டினோங் நகரில் நீங்கள் வேலை செய்த ரப்பர் தொழிற்சாலையின் கதவைத் திறந்தால் இப்போது கோப்பி மணக்கிறது. வெந்த ரப்பர் நாற்றம் துளியும் இல்லை. வாசலில் 'பிசினஸ் பார்க்' என்று பலகை. வேலை முடிந்து நீங்கள் பூட்ஸ் கழற்றிய மூலையில் பஞ்சு மெத்தை போல ஒரு இருக்கை. வந்த கோபத்தில் அதை உதைத்தேன். அது சத்தம்கூடப் போடவில்லை.

பழைய தொழிற்சாலை என்றால் எனக்குப் பைத்தியம் என்று உங்களுக்குத் தெரியும். யூடியூப் பார்த்துப் படம் எடுக்கப் பழகி, அந்தப் படங்களுக்கென்றே இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் நடத்துகிறேன். கேட்டுக்கு வெளியே கமராவோடு நின்ற என்னைப் பார்த்து நீங்கள் முதலில் கேட்டது: "பிள்ளை, உள்ளுக்கு நிக்கிற எங்களுக்கே இதைப் பிடிக்கேல்ல. உமக்கு என்ன லவ்வு?" பிறகு சுப்பர்வைசரிடம் கெஞ்சி உள்ளே கூட்டிப் போனதும் நீங்கள்தான்.

அன்று மத்தியானம் எடுத்தேன் அந்தப் படத்தை. ரப்பரைச் சூட்டில் அழுத்தும் பெரிய பிரஸ் இயந்திரம். அதன் சூடான முதுகில் உங்கள் புட்டுப் பெட்டி. மைக்ரோவேவ் வரிசையில் நிற்கப் பிடிக்காமல் எல்லாரும் அங்கேதான் சாப்பாட்டைச் சூடாக்குவீர்கள். பக்கத்தில் நீங்கள், கண்ணை மூடிச் சிரித்தபடி. "கண் மூடிட்டன், இன்னொண்டு எடும்" என்றீர்கள். நான் எடுக்கவில்லை. அதைவிட நல்ல படம் வராது.

தொழிற்சாலையை மூடினார்கள். போன வருடம் நெஞ்சுவலி வந்து நீங்களும் போய்விட்டீர்கள்.

பிறகு, இடத்தை வாங்கிய நிறுவனம் என் பக்கத்தில் படத்தைப் பார்த்து எனக்குச் செய்தி அனுப்பியது. வரவேற்பறைச் சுவர் முழுக்க அந்தப் படத்தைப் போடலாமா? துள்ளிக் குதித்தேன். ஒரு கேள்வி கேட்கவில்லை. மூன்று இதயம் போட்டு 'யெஸ்' என்று அனுப்பிவிட்டு, உங்கள் மனைவிக்குப் போன் எடுத்தேன். "அக்கா, அண்ணா சுவரளவுக்கு நிக்கப் போறார்!" அவர், "மகளுக்குக் காட்டலாம், என்ன?" என்றார்.

திறப்பு நாளுக்கு அக்கா கலியாண வீட்டுக்குப் போவது போலச் சேலை உடுத்து, மகளின் கையைப் பிடித்தபடி வந்தார். சுவரில் இயந்திரம் இருந்தது. புட்டுப் பெட்டி இருந்தது. நீங்கள் இல்லை. உங்களை அழித்துவிட்டு அந்த இடத்தில் செங்கல் படத்தை நிரப்பியிருந்தார்கள். மேலே, உழைப்பின் மரபு என்று ஆங்கிலத்தில் பெரிய எழுத்து.

"இது எங்கட பெட்டி," என்றார் அக்கா. "மூடி நெளிஞ்சிருக்குப் பார். கீழ விழுத்தினது நான். சாப்பிட்ட மனுசன் எங்க?"

மார்க்கெட்டிங் பெண்ணிடம் ஓடினேன். படத்தில் ஆள் இருந்தால் அவருடைய சம்மதக் கையெழுத்து வேண்டுமாம். இறந்தவரிடம் வாங்க முடியாதாம். "அப்போ பெட்டி கையெழுத்துப் போட்டதா?" என்று கத்தினேன். பெட்டி பார்க்க அழகாக இருந்ததாம் அண்ணா! அக்கா உயிரோடு இருக்கிறார். அவரிடம் கேட்க அவர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. அதுதான் இன்னும் எரிகிறது.

திரும்பி வந்தபோது அக்கா சுவரோரம், உங்களை அழித்த அதே இடத்தில், நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தார். காவலுக்கு நின்றவர் தமிழ்நாட்டுக்காரர். மெதுவாகச் சொன்னார்: "அக்கா, சுவத்துல சாயாதீங்க, ப்ளீஸ்."

"சாயேல்ல தம்பி. நிக்கிறன்."

அவர் தலைகுனிந்தபடி தள்ளிப் போனார். அக்கா என்னைப் பார்த்தார். "எடும் பிள்ளை."

எடுத்தேன்.

அண்ணாவைத் திரும்பப் போடுங்கள், இல்லாவிட்டால் படத்தைக் கழற்றுங்கள் என்று ஒவ்வொரு திங்கட்கிழமையும் தவறாமல் அவர்களுக்கு எழுதுகிறேன். பரிசீலிக்கிறோம் என்கிறார்கள். என் பக்கத்தைத் திறந்தால் இப்போது முதலில் அக்காதான் நிற்கிறார். யார் இவர், ஏன் இப்படி முறைக்கிறார் என்று ஆட்கள் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் உங்கள் பெயரிலிருந்து தொடங்கி முழுவதையும் எழுதிச் சொல்கிறேன். கை வலிக்கிறது. கோபம் குறையவே இல்லை.