இடம்புரி முடிச்சு

விராலிமலை,
தை 15.

என் ஆத்தா இலக்கியாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் வெள்ளாடும் அது போட்ட இரண்டு குட்டிகளும் சௌக்கியம். அயர்லாந்துக் குளிரிலும் ஆஸ்பத்திரி டூட்டியிலும் உன் உடம்பு எப்படி இருக்கிறதோ தெரியவில்லை, தெரியாமல் போனதற்கு நான்தான் காரணம், ஒன்பது நாளாக நீ கூப்பிட்டால் நான் எடுப்பதில்லை. போன் ரிப்பேர் என்று அப்பா சொல்லியிருப்பார், அது பொய், போன் நன்றாகத்தான் இருக்கிறது, எனக்குத்தான் எடுக்க மனசில்லை. உன்னோடு வேலை பார்க்கும் தேவிப்ரியாவின் வீட்டுக்காரர் சூர்யபிரகாஷ் லீவு முடிந்து நாளை திருச்சியில் விமானம் ஏறுகிறாராம், கீரனூரிலிருந்து இன்று சாயங்காலம் வந்து பார்சலை வாங்கிக்கொள்கிறேன் என்றார், அதோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்து அனுப்புகிறேன். போனில் பேசித் தொலைக்கலாம், ஆனால் நம் வீட்டுக்கும் உன் சித்தி கண்ணாத்தாள் வீட்டுக்கும் நடுவில் ஒரு செங்கல் சுவர்தானே, இங்கே தும்மினால் அங்கிருந்து ஆயுசு நூறு என்பாள்.

அவளைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்தேன். பொங்கல் விழாவில் எடுத்ததென்று ஒரு போட்டோ அனுப்பினாயே, கழுத்தில் தோல்மாலை போட்டுக்கொண்டு, அதன் முடிச்சை இரண்டு விரலால் பிடித்துக் காட்டிக்கொண்டு. பார்த்ததும் பெருமைதான் பட்டேன் ஆத்தா, பொய் சொல்லவில்லை. பிறகு விரலால் பெரிதாக்கிப் பார்த்தேன். முடிச்சு வலம்புரியாகச் சுற்றியிருந்தது. நான் பீச்சாங்கைக்காரி, என் முடிச்சு இடம்புரியாகத்தான் சுற்றும், வேண்டுமென்றே சுற்றினாலும் எனக்கு வலம்புரி வராது. வலம்புரி என்றால் அது கண்ணாத்தாள் கை. நீ கிளம்பின அன்று ஆளுக்கொரு மாலை கொடுத்தோம், அதே ஆறிழை, தலைப்பாகை மாதிரி சுற்றுகிற அதே உருமா முடிச்சு, நீ எதை எடுத்துப் போட்டிருக்கிறாய் பார்!

இந்த வேலையை அவளுக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தானே. அப்பா தவிலுக்கு வார் பிடித்தது போக மிஞ்சும் பச்சைத்தோலைத் தூக்கிப் போடுவானேன் என்று ஊறவைத்து, மயிர் நீக்கி, வாராக அறுத்து முதலில் பின்னினது நான். தோலைத் தொட்ட கையோடு என் வீட்டுக்குள்ளே வராதீங்கக்கா என்று மூக்கைப் பிடித்தவள் அவள். மலையடிவாரத்தில் நான் கடை போட்டு நாலு பேர் வாங்க ஆரம்பித்ததும் அக்கா அக்கா என்று ஒட்டிக்கொண்டாள். ஈரத்தில் பின்னணும், நிழலில் காயவைக்கணும், காய்ந்து இறுகிவிட்டால் அப்புறம் பிரிக்க முடியாது என்று ஒன்றுவிடாமல் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். இன்றைக்கு அவள் சிவப்புச் சாயம் ஏற்றி, பாசிமணி கோத்து, என் கடைக்கு எதிரிலேயே தார்ப்பாய் விரித்திருக்கிறாள். சனங்களும் மயிலைப் பார்க்கிற மாதிரி அங்கேதான் போய் நிற்கிறார்கள். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஆனால் உன் போட்டோவைப் போனில் வைத்துக்கொண்டு, வருகிற போகிறவர்களிடமெல்லாம் பாருங்க, அயர்லாந்துல எம் மக நான் பின்னுனதத்தான் போட்டிருக்கா என்கிறாளே, அந்த எம் மக என்ற வார்த்தையை மட்டும் என்னால் தாங்க முடியவில்லை. அவளுக்கு இரண்டும் ஆம்பிளைப் பிள்ளை, அதற்காக நான் பெத்ததை எடுத்துக்கொள்வாளா? பொறாமைதான். ஆமாம், பொறாமைதான், அப்படியே எழுதுகிறேன், எனக்கென்ன வெட்கம்.

சின்னப் பிள்ளையில் நீ கண்ணை இறுக மூடிக்கொண்டு கட்டைவிரலால் முடிச்சைத் தடவி இது அம்மா, இது சித்தி என்று சொல்வாயே, ஒரு தடவைகூடத் தப்பினதில்லை. அந்த விரல் எப்படி மறந்தது? அப்பாவிடம் கேட்டால், அடியேய் பொன்னுத்தாயி, ஒங்க ரெண்டு பேரு சண்டைக்குப் புள்ள கழுத்து என்னடி பண்ணும் என்று சிரிக்கிறார். அவருக்கு என்ன, தவில் சரியாகக் கத்தினால் போதும். இன்னொன்றும் சொல்ல வேண்டும், சேலை கட்டுவதைக்கூட மறந்துவிட்டாய், முந்தானையை வலது தோளில் போட்டிருக்கிறாய், எந்த ஊர்ப் பழக்கம் அது? சித்தி மாலை, சேட்டு வீட்டுச் சேலைக்கட்டு, நல்ல கூத்து. இந்தப் பார்சலில் முறுக்கும் பருப்புப்பொடியும் மட்டும்தான் இருக்கும். உனக்கென்று எட்டிழையில் ஒரு மாலை பின்னிக்கொண்டிருந்தேன், முடிச்சு ஒன்றுதான் பாக்கி, அதை முடித்துத் தைப்பூசத்துக்குக் கடையில் தொங்கவிடப்போகிறேன், யாருக்கு வேண்டுமோ வாங்கிப் போட்டுக்கொள்ளட்டும்.

இதுவரைக்கும் எழுதினது காலையில். இனிமேல் எழுதுவது சூர்யபிரகாஷ் வந்த பிறகு. பாவம், அவர் அப்பாவோடு காப்பி குடித்துக்கொண்டு காத்திருக்கிறார், கீரனூருக்குப் பஸ் பிடிக்கணுமாம், அதனால் கோழி கிண்டினது மாதிரித்தான் எழுத்து இருக்கும். அவர் வந்தபோது நான் அந்த எட்டிழை மாலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தேன். இங்கிட்டுப் பாருங்கத்தை, இலக்கியாவுக்கு அனுப்பலாம் என்று என் பக்கத்தில் உட்கார்ந்து, போனை நீட்டி இரண்டு பேரையும் சேர்த்து ஒரு செல்பி எடுத்தார். காட்டினார், பார்த்தேன். அதில் நான் குத்தூசியை வலது கையில் பிடித்திருக்கிறேன்! நான் என்றைக்கடி வலது கையில் குத்தூசி பிடித்தேன்? என்ன தம்பி இது, என் கையை மாத்திட்டீங்க என்றேன். முன்பக்கக் கேமராவுல எடுத்தா சில போன்ல கண்ணாடியில தெரியிற மாதிரியே விழுமுங்க, இடம் வலமாயிரும் என்றார்.

உடனே உன் போட்டோவை எடுத்துப் பார்த்தேன். மச்சம் வலது கன்னத்தில் இருக்கிறது. என் பிள்ளைக்கு மச்சம் இடது கன்னத்தில். முந்தானை சரியாகத்தான் இருந்திருக்கிறது, முடிச்சும் இடம்புரிதான், என் முடிச்சுதான், என் கைதான்! சுவர்ப் பக்கம் போய், ஏ கண்ணாத்தா, அது எம் மாலைடி, நல்லாப் பாரு என்று கத்திவிட்டு வந்தேன். அவள் என்னக்கா என்னக்கா என்று கேட்கிறாள், கேட்கட்டும், சாவகாசமாகச் சொல்லிக்கொள்ளலாம். சூர்யபிரகாஷ் பயந்துபோய்விட்டார்.

திரும்பி வந்து, ஆசை தீர இன்னொரு தடவை பார்க்கலாம் என்று எடுத்தேன் ஆத்தா. மச்சத்தைத் தேடியதில்தான் உன் முகத்தையே பார்த்தேன். ஒன்பது நாளாக இந்தப் போட்டோவை எத்தனை தடவை பெரிதாக்கிப் பார்த்திருப்பேன், அத்தனை தடவையும் கழுத்தைத்தான் பார்த்திருக்கிறேன். கண் இரண்டும் வீங்கியிருக்கிறது. கீழுதட்டைக் கடித்துக்கொண்டு சிரிக்கிறாய், பத்தாம் வகுப்பில் கணக்கில் மார்க் குறைந்த அன்றைக்கு ஒன்றுமில்லம்மா என்று இதே சிரிப்புத்தான் சிரித்தாய். முடிச்சைப் பிடித்துக் காட்டுகிறாய் என்று காலையில் எழுதினேனே, அடித்துவிடலாமா என்று பார்த்தேன், கிடக்கட்டும், என் புத்தி உனக்கும் தெரியட்டும். நீ காட்டவில்லை. கட்டைவிரலால் தடவிக்கொண்டிருக்கிறாய். அன்றைக்கே மூன்று தடவை கூப்பிட்டாய், மூன்று தடவையும் நான் போனைக் கவிழ்த்து வைத்தேன்.

அங்கே என்ன நடந்தது ஆத்தா? யாராவது ஏதாவது சொன்னார்களா? உடம்புக்கு ஏதாவதா? எதுவாக இருந்தாலும் சொல், சுவருக்கு அந்தப் பக்கம் யார் கேட்டாலும் கேட்கட்டும். இந்தக் கடிதம் வந்து சேரும்வரைக்கும் எனக்குப் பொறுக்காது, சூர்யபிரகாஷைப் பஸ் ஏற்றிவிட்டதும் நானே கூப்பிடுவேன், டூட்டியில் இருந்தாலும் எடு. எட்டிழை மாலையைப் பருப்புப்பொடிக்கு அடியில் வைத்திருக்கிறேன், முடிச்சு இன்னும் ஈரம், அங்கே வந்துதான் காயும். குளிக்கும்போது கழற்றி வை, அங்கே எந்நேரமும் மழையாமே, நனையவிடாதே, நாய் இருக்கிற வீட்டுக்குப் போனால் கண்ணில் படும்படி வைக்காதே, எலும்பென்று கடித்துவிடும். வேளைக்குச் சாப்பிடு. விராலிமலை முருகன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டான், நூறு வயசு நன்றாக இரு தாயி.

நீ தடவிப் பார்த்தால் தெரிகிற,
பீச்சாங்கை அம்மா
பொன்னுத்தாய்