மரத்தடியில் பேண்ட்

வியாழன் இரவு.

நாளை பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டி. பேண்ட் வாத்தியக் குழுவில் பெரிய ட்ரம் எனக்கு. இன்று ஒத்திகையின் நடுவில் அண்ணாந்தபோதுதான், நாங்கள் நிற்கும் மரத்தில் குளவிக்கூட்டைப் பார்த்தேன்.

"ஸேர், சத்தத்துக்குக் குளவி கலைஞ்சிரும்," என்றேன் பேண்ட் பழக்கும் ஸேரிடம்.

"இப்ப அடிச்சீங்களே, கலைஞ்சிச்சா? பார்க்க வாறவங்களுக்குப் பக்கத்துலயே பந்தல் போட்டாச்சு, இனி மாத்த ஏலாது."

கலையவில்லைதான். ஆனால் பார்த்த பிறகு நான் மெதுவாகத்தான் அடித்தேன்.

போன வருஷம் தேயிலை மலையில் குளவி கொட்டி அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தார். இன்னொரு தரம் கொட்டினால் உடம்பு தாங்காது என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். நாளை வேலைக்குப் போகாமல் என்னைப் பார்க்க வருகிறார்.

"பந்தல்ல முன்னுக்கே உக்காந்துக்கிறேன்டி," என்று சேலையும் எடுத்து வைத்துவிட்டார்.

கூட்டைப் பற்றிச் சொன்னால் என்னையும் போக விடமாட்டார். சொல்லவில்லை.

ரிவர்ஸ்டன் மலைப் பக்கமிருந்து காற்று வேறு அடிக்கிறது. காலையில் கொடி ஏறியதும் முதல் அடி என்னுடையது.