கரியா, கறியா?

என் செல்ல ஸ்டெல்லாக்கா,

உன் கெமிஸ்ட்ரி வகுப்புப் பொண்ணு ஒருத்தி, "உயிர்கள் எல்லாம் கறியால் ஆனவை" என்று பரீட்சையில் எழுதியதை வீட்டுக்குக் கொண்டு வந்து சிரித்தாயே, ஞாபகம் இருக்கா? கார்பனுக்குச் சின்ன ர போட்ட கரி. அவள் பெரிய ற போட்டுவிட்டாள். நம்ம தாம்பரத்துல யார் வாயில அந்த வித்தியாசம் வருது?

அன்றைக்கு நான் வம்புக்கு நின்றேன். "ஏன், சிலிக்கான்ல உயிர் இருக்கக் கூடாதா? தினம் செத்த போனுக்கு நான் உயிர் கொடுக்கறேனே!" செல்போன் ரிப்பேர்காரன் புத்தி. நீ சோற்றுக் கையோடு நாலு விரலை நீட்டினாய். "ரெண்டுக்கும் நாலு கைதான்டா. ஆனா கார்பன் ஆக்சிஜனைப் பிடிச்சா காத்து, மூச்சா விட்டுடலாம். சிலிக்கான் பிடிச்சா மணல். மூக்கு வழியா மணல் கொட்டுமாடா லூசு?"

கொட்டியது அக்கா. கேம்ப் ரோட்டில், என் கடைக்கு எதிரிலேயே, எம்-சாண்ட் லாரி உன் ஸ்கூட்டி மேல் ஏறிக் கவிழ்ந்தது. நான் ஓடி வந்து கையாலேயே தோண்டினேன். உன் வாயில் மணல், மூக்கில் மணல். இடுப்புக்குக் கீழே பார்த்தேன். அந்தப் பொண்ணு எழுதினதுதான் சரி.

டிரைவரை ஜனங்கள் பிடித்து வைத்திருந்தார்கள். "பிரேக் புடிக்கல சார்" என்று கும்பிட்டான். ஒரு கருங்கல்லை எடுத்து, கும்பிட்ட கை மேலேயே அடித்தேன். அப்புறம் முகத்தில். எத்தனை அடி என்று தெரியாது. உன்கிட்ட என்ன மறைக்க, அடிக்கும்போது நல்லா இருந்துச்சு.

கேஸில் 'பொதுமக்கள் தாக்கினர்' என்று எழுதினார்கள். "வாயைத் திறக்காதேடா" என்றார் சித்தப்பா. நானும் திறக்கவில்லை.

நேற்று ஒரு பெண் நொறுங்கின போனோடு கடைக்கு வந்தாள். கழற்றினால் உள்ளே மணல். "செத்துடுச்சா, உயிர் கீதா, பாருண்ணா. எங்க வூட்டுக்காரரை இங்கதான் பப்ளிக் போட்டு அடிச்சாங்க. ஒரு கண்ணு பூட்ச்சு. யாரு அடிச்சான்னே தெர்லண்ணா."

சிப்புக்கு ஒன்றும் ஆகவில்லை. டிஸ்ப்ளேயை மாற்றியதும் உயிர் வந்துவிட்டது. திரையில் அவன், ரெண்டு கண்ணோடு சிரித்துக்கொண்டு. அவள் என் வலது கையைப் பிடித்து, "நீ நல்லா இருக்கணும்ண்ணா" என்றாள். அந்தக் கையைப் போய்ப் பிடித்தாளே, அக்கா!

அந்தக் கல் எங்கேயோ கிடக்கும். அதற்கு வலிக்காது. நானும் அப்படித்தான் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன். நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அவனை மன்னிக்கச் சொல்லாதே, என்னால் முடியாது. ஆனால் உள்ளே இருக்கற மணலைச் சுத்தம் பண்ணித் தர்றேன்னு போனைக் கடையிலேயே வாங்கி வைத்திருக்கிறேன்; திங்கட்கிழமை அதை வாங்க அவள் வருவாள். கல் என் கையில்தான் இருந்தது என்று முதலில் அவளிடம் சொல்வேன். அப்புறம் அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குப் போவேன். சித்தப்பா கத்தினால் கத்தட்டும். ஸ்டேஷனுக்குக்கூடப் பயமில்லை, அவள் முகத்தைப் பார்க்கத்தான் பயமா இருக்கு.

இப்படிக்கு,
பெரிய ற போட்ட கறியால் ஆன
உன் தம்பி டேனி