கடைசி அத்தியாயத்தை நானே படிப்பேன்

அன்புள்ள சின்னுவுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் அம்மாவும் தினமும் சண்டை போடும் அளவுக்குத் தெம்பாக இருக்கிறோம், மற்றதை அதிலிருந்தே தெரிந்துகொள். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள். எழுதக் கை தயாராக இருக்கிறது, ஆனால் எழுதியதைத் திரும்பிப் பார்த்தால் எனக்கே ஒன்றும் புரியாது, தாளில் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டபோது டாக்டர் சொன்னது உனக்கு நினைவிருக்கும், படிக்கிற இடம் மட்டும் அடிபட்டிருக்கிறது, எழுதுகிற இடமும் பேசுகிற இடமும் தப்பித்துவிட்டன என்று. ஆயுசு பூராவும் கண்ணாடிக் கடை வைத்து ஊரார் கண்ணையெல்லாம் சோதித்தவனுக்கு, கண் நன்றாக இருந்தும் படிக்க வரவில்லை என்பதைப் பழைய வாடிக்கையாளர்கள் இன்னும் நம்பவில்லை. ஒருவர் "எதுக்கும் பவரை மாத்திப் பாருங்களேன்" என்று எனக்கே யோசனை சொல்லிவிட்டுப் போனார்.

முதலிலேயே விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களை விற்கவில்லை. நீ ஏற்பாடு செய்த பழைய புத்தகக் கடைக்காரர் சாக்குப் பைகளோடு வந்தார், நான் திருப்பி அனுப்பிவிட்டேன். போன மாதம் போனில் "சரி, வித்துடு, இனிமே எனக்கு எதுக்கு" என்று சொன்னவன் நான்தான், இல்லையென்று சொல்லவில்லை. அன்றைக்கு மனசு விட்டுப்போயிருந்தது. இப்போது விடவில்லை. ஏன் என்று நிதானமாகச் சொல்கிறேன், கோபப்படாமல் கடைசிவரை படி.

ஆஸ்பத்திரிக்குப் போகிற அன்றுவரை நான் ஒரு நாவல் படித்துக்கொண்டிருந்தேன். ரயில்வே கேட் காவலாளி ஒருவர் லாரி மோதிச் செத்துப்போகிறார். லாரியை ஓட்டி வந்தது அதன் முதலாளியே. மழையில் மூக்குக் கண்ணாடி மங்கிவிட்டது, கேட் மூடியிருந்தது தெரியவில்லை என்று சொல்லி அவர் தப்பித்துவிடுகிறார். காவலாளியின் மனைவிக்குக் கோர்ட் கட்டடத்தில் லிஃப்ட் இயக்குகிற வேலை கிடைக்கிறது. வேறு வேறு வழக்குகளுக்காக அந்த முதலாளி அடிக்கடி அங்கே வருகிறார், அவளுடைய லிஃப்டிலேயே ஏறி இறங்குகிறார், அவள் யாரென்று அவருக்குத் தெரியாது. ஒரு நாள் தெரிந்துவிடுகிறது. அந்த இடத்தில் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்தேன், விழுந்தேன். கடைசி அத்தியாயம் மட்டும் பாக்கி. அந்தக் கதை படமாக வந்து பல வருஷமாகிவிட்டது, அம்மா அதைப் பலமுறை பார்த்தாயிற்று. முதலில் நாவல், பிறகுதான் படம் என்கிற என் கட்டுப்பாடும், முதலில் படம், பிறகு நாவல் எதற்கு என்கிற அவள் கட்டுப்பாடும் உனக்குத் தெரியாததா, அந்தப் போருக்கு நடுவில்தானே நீ வளர்ந்தாய். படத்தின் முடிவை மட்டும் என்னிடம் சொன்னதில்லை, அந்த நேர்மை அவளுக்கு உண்டு.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் புத்தகத்தை எடுத்துக்கொண்டு என் கட்டிலருகே உட்கார்ந்து கடைசி அத்தியாயத்தைப் படிக்க ஆரம்பித்தாள். முதல் வரியிலேயே நிறுத்தச் சொல்லிவிட்டேன். அந்தப் படத்தின் கதாநாயகி எப்படிப் பேசுவாளோ அப்படியே இழுத்து இழுத்துப் படித்தாள் உன் அம்மா. இத்தனை பக்கமாக என் தலைக்குள் அந்த லிஃப்ட்காரி வேறு குரலில் பேசிக்கொண்டிருந்தாள், கடைசி நேரத்தில் குரலை மாற்ற எனக்குச் சம்மதமில்லை. நானே படித்துக்கொள்கிறேன் என்றேன். "எப்போ" என்றாள். முடிகிறபோது என்றேன். "அப்ப நான் படிச்சு வெச்சுக்கறேன், எனக்குப் பொறுமை கிடையாது" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தோடு பக்கத்து அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது. என்ன என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல, நீங்க படிங்க" என்றாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு நான் விட்டுவிட முடியுமா சொல்.

எனக்குப் படிக்கப் பயிற்சி கொடுக்க வருகிற பெண் ஒரு வழி சொல்லிக்கொடுத்தாள். எழுத்தைக் கண்ணால் பார்த்துக்கொண்டே அதன் வடிவத்தை விரலால் உள்ளங்கையில் வரைய வேண்டும், கை எழுதும்போது மூளைக்கு அது என்ன எழுத்து என்று தெரிந்துவிடும். கடையிலிருந்த கண் சோதிக்கும் பலகையை எடுத்துவந்து சுவரில் மாட்டினேன், பெரிய எழுத்துகளாயிற்றே. மேலிருந்து கீழ்வரை கடகடவென்று சொல்லிவிட்டேன், எனக்கே புல்லரித்துவிட்டது. அம்மா பலகையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டினாள். அப்போதும் அதையேதான் சொன்னேன். மனப்பாடம். காலமெல்லாம் பார்த்த பலகை. அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு ஆசிரியை என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார். அதற்குப் பிறகு சாயங்காலத்தில் என்னைச் சினிமாப் போஸ்டர் ஒட்டுகிற தெருவுக்கு அழைத்துப்போக ஆரம்பித்தாள். நடிகர்களின் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை ஊகித்துச் சொல்லிவிடுகிறேன் என்று குடையை விரித்து முகங்களை மறைத்துவிடுவாள். நடுத்தெருவில் ஒரு பெண்மணி போஸ்டருக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறாள், எதிரில் ஒரு ஆள் உள்ளங்கையைச் சொறிந்துகொண்டு நிற்கிறான், போகிறவர் வருகிறவர் என்ன நினைத்திருப்பார்களோ. பவும் மவும் யவும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிகள், இன்றைக்கும் அடையாளம் காண்பதற்குள் உயிர் போகிறது. ஒரு சொல்லைக் கூட்டி முடிப்பதற்குள் அதற்கு முந்திய சொல் மறந்துபோகும். அப்படி ஒரு வாரம் ஒரு வரிகூடத் தாண்டவில்லை. அந்த வாரத்தில்தான் நீ போன் செய்தாய்.

அதற்குப் பிறகு இதே கதையை நாடகமாகப் போடுகிறார்கள் என்று அம்மா டிக்கெட் வாங்கி வந்துவிட்டாள். முடிவு தெரிந்துவிடும், நான் வரவில்லை என்றேன். "முடிவு தெரிஞ்சுக்கவா போறோம், அந்தப் பொண்ணு எப்படிச் செய்யறான்னு பார்க்கப் போறோம். நான் ஒரே படத்தை எத்தனை வாட்டி பார்த்திருக்கேன், ஒவ்வொரு வாட்டியும் முடிவு மாறிடும்னா பார்த்தேன்" என்றாள். இடைவேளையோடு எழுந்துவிடுவேன் என்கிற ஒப்பந்தத்தோடு போனேன். சின்னு, மேடையில் லிஃப்ட் இல்லை. ஒரு முக்காலி, அதில் அந்தப் பெண், அவ்வளவுதான். அவள் கையை நீட்டி இல்லாத இரும்புக் கதவை இழுத்தபோது எனக்கு அந்தச் சத்தம் காதில் விழுந்தது. வக்கீல் ஏறுகிறார், சாட்சி சொல்ல வந்தவர் ஏறுகிறார், கூட்டுகிற பெண் ஏறுகிறாள், எல்லாரையும் எந்த மாடி என்று அதே இரண்டு சொல்லில்தான் கேட்கிறாள், ஆனால் ஒருவரைக் கேட்ட மாதிரி இன்னொருவரைக் கேட்கவில்லை. என் தலைக்குள் இருந்த குரல் அது இல்லை, ஆனாலும் குறை சொல்லத் தோன்றவில்லை.

இடைவேளையில் எழுந்தேன். "இதுக்கு மேலதான் விஷயமே இருக்கு, உட்காருங்க" என்றாள் அம்மா. அதனால்தான் எழுந்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து பக்கவாட்டுக் கதவருகே பெஞ்சில் உட்கார்ந்தேன். லாரி முதலாளியாக நடிக்கிறவர் அதே கோட்டோடு தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு அங்கே நின்றிருந்தார். மணி அடித்த பிறகும் நான் உள்ளே போகாததைப் பார்த்து, "அவ்வளவு மோசமாவா பண்றோம், பாதியில வந்துட்டீங்க" என்றார். என் கதையைச் சொன்னேன். அவர் பரிதாபப்படவில்லை, அதனாலேயே அவரைப் பிடித்துப்போயிற்று. "நான் அந்த நாவலைத் தொட்டதுகூட இல்லைங்க. என் வசனம் இருக்கிற தாளை மட்டும் குடுத்தாங்க. கெட்டவன், பணக்காரன், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். நாவல்ல அவன் எப்படி" என்று கேட்டார். அவர் மேடைக்குப் போக இன்னும் நேரம் இருந்தது. சொன்னேன். கோர்ட்டில் அந்தப் பொய்யைச் சொன்ன நாளிலிருந்து அந்த மனிதர் யாரிடம் பேசுவதற்கு முன்னாலும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார், மழை இருந்தாலும் இல்லாவிட்டாலும் துடைப்பார், பொய்யைத் தானே நம்புவதற்காகத் துடைப்பார், கண்ணாடிக்காரன் என்பதால் எனக்கு அது முதலிலேயே உறைத்தது என்றேன். அவர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தையே பார்த்தார். "எனக்குக் கண்ணாடியே குடுக்கல" என்றார். என் மூக்கைக் காட்டி, "உங்களோடதைக் குடுப்பீங்களா" என்றார். இப்போதைக்கு அதைப் போட்டுக்கொண்டு நான் படிக்கப் போவது ஒன்றுமில்லை, எடுத்துக்கொள்ளுங்கள் என்று கழற்றிக் கொடுத்தேன்.

உள்ளே என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. வெளியே விளக்கெல்லாம் மங்கலாகத் தெரிய உட்கார்ந்திருந்தேன். பேச்சுக் குரல் வந்துகொண்டிருந்தது, சட்டென்று நின்றுபோயிற்று, இருமல்கூடக் கேட்கவில்லை, ரொம்ப நேரம் கழித்துத்தான் கைதட்டல். அம்மா வெளியே வந்த வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். "உங்க கண்ணாடி அந்த ஆள் மூக்குல என்னங்க பண்ணுது, உடைஞ்ச கண்ணாடிக் காம்புல நான் சுத்தின நூல் எனக்குத் தெரியாதா" என்றாள். பிறகு, "அதைக் கழற்றித் துடைச்சான் பாருங்க, அப்போ" என்று ஆரம்பித்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். நடிகர் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தார். முகத்தில் இன்னும் சாயம் இருந்தது, கண் கலங்கியிருந்தது. "படிச்சு முடிச்சதும் வந்து சொல்லுங்க" என்றார். படிக்க முடிந்தால் என்று அவர் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தவன்தான். அதற்குப் பிறகு ஒரு நாள்கூட விடவில்லை. கடைக்காரர் சாக்குப் பையோடு வந்து "எடுத்துக்கலாமா" என்று கேட்டபோதும் உள்ளங்கையில் விரல் வைத்துக்கொண்டுதான் இருந்தேன். இல்லை, பாதியில் இருக்கிறேன் என்றேன். அலமாரிகளை ஒரு சுற்று பார்த்துவிட்டு, "எல்லாத்துலயுமா" என்றார். ஆமாம் என்றேன். நல்ல மனிதர், சாக்கை மடித்துக்கொண்டு போய்விட்டார்.

போன செவ்வாய்க்கிழமை கடைசிப் பக்கத்துக்கு வந்தேன். லிஃப்டில் அவர்கள் இருவர் மட்டும் நிற்கிறார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிறார், என்னவோ சொல்ல வாயெடுக்கிறார். அதற்குள் அவள் கேட்கிறாள். எ. ந். த. மா. டி. கையில் எழுதி எழுதிப் படித்தேன். அவர் பதில் சொல்லவில்லை. அவள் கதவைச் சாத்தவும் இல்லை, திறந்து பிடித்தபடியே நிற்கிறாள். அத்தோடு கதை முடிந்துவிட்டது. முன்பென்றால் அந்தப் பக்கத்தை நான் ஒரு மூச்சில் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருப்பேன். அன்றைக்கு ஒரு காலைப்பொழுது முழுக்க அந்த லிஃப்டுக்குள் அவர்களோடு நின்றேன். அவர் வாய் திறக்கிற இடத்தில் ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தேன், அவளும் அப்படித்தான் காத்திருந்தாள். இத்தனை வருஷம் படித்த எந்தப் புத்தகத்திலும் நான் இவ்வளவு உள்ளே போனதில்லை. இதை உனக்கு ஆறுதலாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். படிக்கிற வேகம் போனது போனதுதான், அதற்காக நான் அழுததும் உண்டு.

முடித்துவிட்டேன் என்று சொன்னேன். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். மாதக்கணக்கில் அடக்கி வைத்திருந்ததெல்லாம் கொட்டிற்று. படத்தில் கதாநாயகி லிஃப்டை நடுவில் நிறுத்திவிட்டு அவனை ஓங்கி அறைவாளாம், தியேட்டரே எழுந்து நிற்குமாம். நாடகத்தில் அந்தப் பெண் வாயே திறக்கவில்லையாம், கண்ணாடி துடைக்கிற அவன் கையையே பார்த்துக்கொண்டு கதவைப் பிடித்தபடி நின்றாளாம். "அறைஞ்சப்ப எனக்குத் திருப்தியா இருந்துச்சு. ஆனா இந்தப் புத்தகம் என்னைத் தூங்க விடலைங்க" என்றாள். எது சரி என்று கேட்டேன். யோசித்துவிட்டு, கதவைத் திறந்து வைத்தது சரிதான், ஆனால் ஒரு அறையும் கொடுத்திருக்கலாம் என்றாள். அதில் தொடங்கிய சண்டை இன்னும் ஓயவில்லை.

ஆகவே உன் வீட்டோடு வந்துவிடச் சொன்னாயே, அதற்கும் பதில் இதுதான். வர மாட்டோம். உன் அன்பில் குறை சொல்லவில்லை. இங்கே பேசி முடிக்காத சங்கதி நிறைய இருக்கிறது, பாதியில் இருக்கிற புத்தகங்களும் இருக்கின்றன. எனக்கு உடம்பு மறுபடி படுத்தினால் அப்போது பேசிக்கொள்ளலாம். விடுமுறைக்கு நீ வா. எங்களை மூட்டை கட்ட வராதே, நாடகம் பார்க்க வா. அந்தக் குழு அடுத்த நாடகத்தைத் தொடங்கிவிட்டது, என் கண்ணாடியை வாங்கிப் போட்ட நடிகர் இந்த முறை வசனத் தாளை வாங்குவதற்கு முன்னால் கதையை முழுக்கப் படித்துவிட்டாராம், சொல்லியனுப்பினார்.

நாளெல்லாம் கணினி முன்னால் உட்காருகிறவள், தலையைத் தூக்கித் தூக்கிப் பார்ப்பதாக மாப்பிள்ளை சொன்னார், கழுத்து வலி அதனால்தான். கண்ணாடியை மாற்று, தள்ளிப்போடாதே. இருவரும் மனசு ஒத்து, சிரிப்பும் சண்டையுமாக நீண்ட காலம் வாழ வேண்டும், எங்கள் ஆசி எப்போதும் உங்களோடு உண்டு. பதிலைப் போனில் சொல்லாதே, கையால் எழுது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், பவையும் மவையும் பிரித்துத் தெளிவாகப் போடு. சுருக்கி எழுதாதே. அம்மாவிடம் கொடுக்க மாட்டேன், எத்தனை நாளானாலும் நானே படிப்பேன்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அப்பா