ஏழாம் நம்பர் முயல்

9.5.12 புதன்
கத்திரி வெயில். லேபில் எட்டு முயலுக்கும் முதுகு மழித்தேன். களிம்பு டெஸ்ட். ஏழாம் நம்பர் என் கையை நக்கியது. மக்கு.
நல்லெண்ணெய் வாங்க மறந்தாச்சு.

10.5.12 வியாழன்
காலையிலேயே கரண்ட் போச்சு. ஜெனரேட்டர் லைனை மீட்டிங் ஹாலுக்கு மாற்றிவிட்டார் லேப் இன்சார்ஜ் மேடம். அங்கே ஏசி, முயல் ரூமில் ஒரு ஃபேன்கூட இல்லை. மதியம் போய்ப் பார்த்தால் ஏழாம் நம்பர் செத்துக் கிடக்கிறது.
மேடத்திடம் சொன்னேன். "வெயில்ல எல்லாந்தான் சாவுது. ரிப்போர்ட்ல எட்டுன்னா எட்டு இருக்கணும்." படித்தவள் பேச்சு.

11.5.12 வெள்ளி
பண்ருட்டி சந்தையிலிருந்து டிரைவர் ஒரு வெள்ளை முயல் கொண்டுவந்தான். கறிக்கு வளர்த்தது. கீரை போட்டேன். முதுகு மழித்து, காதில் 7 எழுதினேன். ரெஜிஸ்டரில் கையெழுத்தும் என்னுடையதுதான்.
"செத்தது பொழச்சி வந்துடுச்சிக்கா," என்று டிரைவர் சிரித்தான். அறையலாம் போல இருந்தது.

12.5.12 சனி
அரை நாள். கூண்டில் மாட்டிய தண்ணீர் பாட்டில்களைப் பார்க்காமலே விட்டுவிட்டு, திருப்பாதிரிப்புலியூர் பஸ்ஸுக்கு ஓட்டம். நாளை லீவு. துணி மலையாய்க் கிடக்கு.

14.5.12 திங்கள்
புது முயல் சுருண்டு கிடக்கிறது. அதன் பாட்டிலில் தண்ணீர் குறையவே இல்லை. பாட்டில் குழாயில் குடிக்க அதுக்குத் தெரியாது. சந்தை முயல், கிண்ணத்தில் குடித்தே வளர்ந்தது. பத்து வருஷமாக இந்த வேலை, எனக்குத் தோணவில்லை. என்னைச் செருப்பால் அடிக்கணும்.
கிண்ணத்தில் வைத்தேன், குடித்தது.
மேடம் பார்த்துவிட்டார். "அத எடு. நாளைக்கு இன்ஸ்பெக்‌ஷன். இதுக்கு மட்டும் ஏன்னு கேட்டா என்னா சொல்லுவ?" வேலை போய்விடும் என்ற பயம். எடுத்துவிட்டேன்.

15.5.12 செவ்வாய்
சென்னையிலிருந்து இரண்டு ஆபீசர்கள். ஏசி ஹாலில் காபி, வறுத்த முந்திரி. பிறகு முயல் ரூம். மூக்கில் கர்ச்சீப், கதவோரமே நின்று, "குட், குட்."
புது முயல் கண்ணைத் திறக்கவில்லை. ஸிங்க் அடியிலிருந்து கிண்ணத்தை எடுத்து, தண்ணீர் ஊற்றி, கூண்டுக்குள் வைத்தேன்; குடிக்கத் தொடங்கியது. மேடம் முறைத்தார்.
"இதுக்கு மட்டும் ஏம்மா கிண்ணம்?" பெரிய ஆபீசர்.
மேடம் முந்திக்கொண்டு இங்கிலீஷில் ஏதோ ஆரம்பித்தார்.
"இது ஏழு இல்ல சார்," என்றேன். "ஏழு வியாழக்கிழமையே செத்துப்போச்சு. இதுக்கு நம்பர் எழுதுனது நாந்தான்."
முயல் குடித்துக்கொண்டே இருந்தது.