அப்பா அசையாமல் நின்ற படம்

பாலக்கரை,
வியாழக்கிழமை மத்தியானம்

ஜாஸ்லின் குட்டி, என் அருவிப் படத்துக்கு ஆயிரம் லைக் தாண்டிவிட்டது, இன்றைக்குக் காலையில் அதை நானே அழித்துவிட்டேன்!

பதறாதே. நான் சுகம், அப்பா சுகம், சளிகூட இல்லை, இந்நேரம் ஆபீசில் உட்கார்ந்து நான் கட்டிக் கொடுத்த புளிச்சோற்றைச் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். நீயும் அந்த அயர்லாந்துக் குளிரில் காதை மூடிக்கொண்டு, வேளைக்குச் சாப்பிட்டு, தெம்பாக இருக்க சகாய மாதாவை வேண்டிக்கொள்கிறேன். இதை வாட்ஸ்அப்பில் போடாமல் மெயிலில் எழுதக் காரணம் இருக்கிறது, நம் குரூப்பை அப்பாவும் பார்ப்பார். "பாப்பாகிட்ட மட்டும் சொல்லிடாத லிசி, அது அங்க தனியா உக்காந்து அழும்" என்று சத்தியம் வாங்காத குறைதான். நானும் சொல்லாமல்தான் இருந்தேன். நேற்று உன் சிநேகிதி இர்பானா போன் செய்த பிறகு முடியவில்லை. நடுவில் போனை எடுக்காதே, முழுவதும் படித்துவிட்டு எடு.

ஞாயிற்றுக்கிழமை முதல் பூசை முடித்து, நானும் அப்பாவும் சத்திரம் பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறி, துறையூரில் மாறி, கொல்லிமலை அடிவாரத்துப் புளியஞ்சோலை போனோம். என் பைத்தியம்தான் உனக்குத் தெரியுமே. தண்ணீர் பட்டுத்துணி மாதிரி விழுகிற படம் எடுத்தே தீருவேன் என்று யூடியூப் பார்த்துப் பார்த்து, சமையலறைக் குழாயில் ஆரம்பித்து, ஸ்ரீரங்கம் அம்மா மண்டபப் படித்துறை, முக்கொம்பு மதகு என்று வந்துவிட்டேன். லென்சுக்கு முன்னால் கறுப்புக் கண்ணாடியை மாட்டி, கேமராவை ஸ்டாண்டில் ஆடாமல் நிறுத்தி, பத்து எண்ணுகிற வரைக்கும் ஷட்டரைத் திறந்து வைத்தால் போதும், ஓடுகிற தண்ணீரெல்லாம் கரைந்து புகையாகிவிடும், அசையாமல் இருப்பது மட்டும் கூர்மையாக விழும். இந்தத் தடவை தண்ணீருக்கு நடுவில் ஒரு ஆள் நிற்க வேண்டும் என்று எனக்கு ஆசை. ஆள் என்றால் வேறு யார், அப்பாதான். முக்கொம்பில் மூக்கில் ஈ உட்கார்ந்தது என்று தலையை ஆட்டி ஒரு நல்ல படத்தைக் கெடுத்தாரே, வீடு வரும்வரை நான் பேசவில்லை. அதனால் கறாராகச் சொல்லிவிட்டேன், அருவிச் சத்தத்தில் என் குரல் கேட்காது, என் கை மேலே இருந்தால் மூச்சுகூட விடக்கூடாது, கை கீழே வந்தால்தான் அசையலாம். "உத்தரவு டைரக்டரம்மா" என்றார்.

குளிக்கிற கூட்டத்தைத் தாண்டி, கல்லும் புதருமாக மேலே நடந்தால் ஒரு சின்ன அருவி. அதற்குக் கீழே ஓடை நடுவில் ஒரு தட்டைப் பாறை. அப்பா செருப்பைக் கரையில் ஒரு கல் மேல் கழற்றி வைத்துவிட்டு, கணுக்கால் தண்ணீரில் நடந்து போய், அருவிக்கு முதுகைக் காட்டி, என்னைப் பார்த்து நின்றார். வெயில் சுள்ளென்று அடித்தது. மேலே கொல்லிமலையில் மழை என்பது எங்களுக்கு எப்படித் தெரியும். முதல் படம் சுமார். இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவதில் தண்ணீர் அப்படியே பஞ்சு! எனக்குத் தலைகால் புரியவில்லை, செட்டிங் பிடிபட்டுவிட்டது என்று குதிக்காத குறை. நான் கேமராவின் குட்டி ஸ்கிரீனைத்தான் பார்த்தேன் குட்டி, ஓடையைப் பார்க்கவே இல்லை. தண்ணீர் ஏற ஏறப் படம் அழகாகிக்கொண்டே போனது, அதையெல்லாம் என் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். நாலாவது படம்தான் நீ பார்த்தது. இன்னும் ஒன்று என்று கையைத் தூக்கிப் பட்டனை அழுத்தினேன், என் காலடியில் ஒரு செருப்பு மிதந்து போனது. அப்பாவின் செருப்பு.

நிமிர்ந்தால் பாறையைக் காணோம். தண்ணீர் டீ நிறத்தில் சருகும் குச்சியுமாக வருகிறது, அப்பா முழங்கால் தண்ணீரில் நிற்கிறார், கண் கேமராவை விட்டு நகரவில்லை. "வாங்க, வந்துடுங்க" என்று கத்திக்கொண்டு இரண்டு கையையும் தூக்கி ஆட்டினேன். கை மேலே! அவர் இன்னும் விறைத்து நின்றார், மூச்சை இழுத்துப் பிடித்தது எனக்குக் கரையிலிருந்தே தெரிந்தது. நான் ஆட்ட ஆட்ட அவர் அசையாமல் நிற்கிறார். கையை இறக்க வேண்டும் என்பதே எனக்குத் தோன்றவில்லை, பயத்தில் யாருக்காவது கை கீழே இறங்குமா? தண்ணீர் தொடைக்கு வந்துவிட்டது. மாதாவே என்று கேமராவை ஸ்டாண்டோடு பிடுங்கித் தூக்கினேன், ஷட்டர் திறந்தபடியே. கேமரா இடத்தில் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவர் முகம் மாறியது, குனிந்து காலைப் பார்த்தார். இரண்டு எட்டு வைத்தார், மூன்றாவதில் வழுக்கி இடுப்பு வரை போய்விட்டார். நான் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு ஸ்டாண்டை நீட்டினேன், அதன் காலைப் பிடித்துத்தான் கரை ஏறினார். கொஞ்ச நேரத்தில் ஒரு முழு மரக்கிளை அவர் நின்ற இடத்தின் மேலே போனது. நான் அழுகிறேன், அவர் சட்டையைப் பிழிந்துகொண்டே "படம் விழுந்துச்சா?" என்று கேட்கிறார். கால் இழுத்தது தெரியவில்லையா என்று திட்டினேன். "தெரியாம என்னடி, இழுத்துச்சுதான். நீ கைய இறக்கலையே" என்றார்.

திரும்பும்போது பஸ்சில் வெறுங்காலோடு உட்கார்ந்துகொண்டு "போடு லிசி, இவ்ளோ பாடுபட்டு நின்னிருக்கேன், நாலு பேர் பாக்கட்டும்" என்று அவர்தான் சொன்னார். பிழைத்து வந்த சந்தோஷத்தில் எனக்கும் புத்தி இல்லை, மண்ணச்சநல்லூர் வருவதற்குள் இடத்தின் பெயரோடு போட்டுவிட்டேன். நீயும் பார்த்த சூட்டில் 'எங்க அப்பா சிலை' என்று எழுதி உன் பக்கத்தில் போட்டாய், இடம் கேட்டவர்களுக்கெல்லாம் வழியும் சொன்னாய். நேற்று இர்பானா கூப்பிட்டாள், "ஆன்ட்டி, இந்த ஞாயித்துக்கிழமை நாங்களும் போறோம், அங்கிள் நின்ன அதே பாறை, பிள்ளைய இவங்க தோள்ல உக்கார வச்சு ஒண்ணு எடுக்கணும், நீங்க கேமராவோட வந்துடுங்க" என்று. அவள் வீட்டுக்காரர் பஷீர் அகமது மாப்பிள்ளை பின்னால் இருந்து என்ன கலர் சட்டை போடட்டும் என்று கேட்கிறார். தண்ணீர் ஜாஸ்தி, வேண்டாம்டா என்றேன். "போட்டோல எவ்ளோ அமைதியா இருக்கு ஆன்ட்டி! பயமுறுத்தாதீங்க" என்று சிரித்தாள். அந்தப் பத்து எண்ணுகிற நேரத்து ஆவேசத்தையெல்லாம் கரைத்து அமைதியாக்கி வைத்தது நான்தானே. நடந்ததை அவளிடம் சொன்னால் அடுத்த நிமிடம் உனக்கு வந்துவிடும், உன் அப்பாவைப் பற்றி நீ இன்னொருத்தர் வாயால் கேட்கக் கூடாது. அதனால்தான் முதலில் உனக்கு.

அழுதால் கொஞ்சம் அழுதுவிட்டு முகத்தைக் கழுவு. அப்பாவிடம் ஒன்றும் தெரியாத மாதிரியே பேசு, அவராகச் சொல்லட்டும். நைட் டூட்டி முடிந்து வெறும் வயிற்றில் தூங்காதே, லூர்து சித்தப்பா ஸ்ரீரங்கம் புது வீட்டுக்குக் குடிபோய்விட்டார், ஒரு வார்த்தை விசாரித்துவிடு. இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை போடுகிறேன், மாதா உன் கூடவே இருக்கட்டும்.

இத்தோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறேன், ஸ்டாண்டைப் பிடுங்கும்போது விழுந்தது. பழுப்புப் பட்டை பட்டையாக ஒரே கோணல், நடுவில் வெள்ளையாக ஒரு தீற்றல் தெரியும். அதுதான் அப்பாவின் சட்டை. எது ஆள், எது தண்ணீர் என்று என்னாலேயே பிரிக்க முடியவில்லை. உன் பக்கத்தில் இருக்கிற அந்த அழகான படத்தை எடுத்துவிட்டு இதைப் போடு, இடம் கேட்ட ஒருத்தர் விடாமல் இதை அனுப்பு. முதலில் இர்பானாவுக்கு நடந்ததைச் சொல்லி அனுப்பிவிட்டு, அவள் பார்த்த பிறகு எனக்குப் போன் பண்ணு.

உன் அம்மா,
லிசி டோமினிக்