கல்வெட்டின் முதல் பெயர்

படப்பை, 17.9.2003

அன்புள்ள அப்பாவுக்கு, கிரேசியின் ஸ்தோத்திரம். முழங்கால் வலி குறைந்ததா? நான் சுகம்.

இன்று எழுந்ததும் முதலில் இரண்டு பென்சில் சீவினேன். தாம்பரத்துத் திருச்சபை வரலாற்றுக் கழகத்தில், பழைய ஏடுகளில் மை பட்டுவிடும் என்று பேனாவை உள்ளே விடமாட்டார்கள். விடுதிப் பிள்ளைகளைக் கம்பெனி ஷிப்டுக்கு அனுப்பிவிட்டுப் போனேன். பதிவேட்டைப் பார்க்க நம் போதகர் தந்த கடிதத்தைக் காட்டினேன்.

"நீங்களும் தாத்தா பேரத் தேடிக்கினு வந்தீங்களாம்மா? பக்கத்து வூட்டுக்காரர் பேரத் தேடி ஒருத்தரும் வரல" என்றார் காப்பாளர் சாலமோன். சிரித்தேன்.

நம் ஊர் ஞானஸ்நானப் பதிவேட்டில் உங்கள் தாத்தா இருக்கிறார், இரண்டாவதாக. அவருக்கு ஓராண்டு முன்பே கீழத்தெரு பேச்சி என்ற கைம்பெண் எஸ்தர் ஆகியிருக்கிறாள். நம் கோயிலில் மணியடிக்கும் டெனிசனின் கொள்ளுப்பாட்டி. யார் துணையும் இல்லாமல் எப்படித் துணிந்தாளோ, பஸ்ஸிலும் அதே யோசனை.

இங்கே வேலை பார்க்கும் இசக்கிபாண்டி ஊரிலிருந்து திரும்பும்போது கருப்பட்டி கொடுத்தனுப்புங்கள். இங்கே காப்பியைத் துணைக்கு யாருமில்லாமல் தனியாகத்தான் குடிக்கிறேன்.

பிள்ளைகள் திரும்பும் நேரம், முடிக்கிறேன். நம் கோயிலின் நூற்றாண்டுக் கல்வெட்டில் உங்கள் தாத்தாவைத்தான் முதல் விசுவாசி என்று வெட்டப்போகிறீர்கள். உங்களுக்கு வருத்தமாக இருக்கும். ஆனாலும் இரண்டு பதிவுகளையும் எழுதி எடுத்திருக்கிறேன், நூற்றாண்டுக் கமிட்டிக்கே அனுப்பப்போகிறேன். இதைத் தபால்பெட்டியில் போடும்வரை இந்த முடிவு யாருக்கும் தெரியாது.

கிரேசி